பயிற்சிக் குழுவினருக்கு: எடுத்துவிட்ட கேள்விகளைத் திரும்பச் சேருங்கள்

பயிற்சிக் குழுவினருக்கும் கோச்சுகளுக்கும்,

அடுத்த பயிற்சி முகாமுக்கான உடல்நலப் படிவத்தைப் பார்த்தேன். போன முறை வரை அதில் இருந்த 'கடைசியாக மாதவிடாய் வந்த தேதி', 'மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா' என்ற இரண்டு கேள்விகளும் இப்போது இல்லை. அந்த இடத்தில் வாராவாரம் எடையைக் குறிக்க ஒரு கட்டம் வந்திருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு மூன்று காரணம் சொன்னீர்கள். பிள்ளைகளுக்குச் சங்கடமாக இருக்கிறது. படிவத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பயிற்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதல் இரண்டும் நியாயம்தான். அவற்றுக்கு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். மூன்றாவதைக் கேட்டுவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் நடுத்தூர ஓட்டக்காரியாக இருந்தவள். இப்போது காலை வேளைகளில் மைதானத்தில் சின்னப் பெண்களுக்கு வார்ம் அப் சொல்லிக் கொடுக்கிறேன். கோச்சிடம் சொல்லாததை என்னிடம் சொல்வார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் ஓட்டத்தை பாதியில் நிறுத்திவிட்டு, காலைப் பிடித்தபடி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். முதலில் ஓடும்போது மட்டும் வலித்ததாம், இப்போது படுத்தாலும் வலிக்கிறதாம். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு இடத்தில், ஒரு விரல் அகலம்கூட இருக்காது, தொட்டதும் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். தசை வலி இப்படி ஒரு புள்ளியில் நிற்காது. "பீரியட்ஸ் ஒழுங்கா வருதாம்மா?" என்று கேட்டேன். "அது நின்னு ரொம்ப நாளாச்சுக்கா. நல்லதுதானே, போட்டி அன்னைக்குத் தொந்தரவு இல்ல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நன்றாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான் ஆகும் என்று சீனியர் அக்காக்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஸ்கேனில் எலும்பில் விரிசல் தெரிந்தது. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் வரும் விரிசல். அந்த சீசன் முழுக்க அவள் மைதானத்துக்கு வெளியே நின்றாள். அவளுக்குச் சொல்லப்பட்ட அதே வார்த்தைதான் எனக்கும் என் காலத்தில் சொல்லப்பட்டது. மாதவிடாய் நின்றபோது, "இப்பத்தான் உடம்பு ஓட்டக்காரி உடம்பாகியிருக்கு" என்று என் கோச் பாராட்டினார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பிறகு என் பாத எலும்பில் விரிசல் விழுந்து, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தபோதுதான் முதுகெலும்பின் அடர்த்தி என் வயதுக்கு மிகவும் குறைவு என்று தெரிந்தது. ஒரு தலைமுறை கடந்த பிறகும் அதே பேச்சு அதே மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தடுக்கக்கூடிய இரண்டே கேள்விகளை நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

சம்பந்தமில்லை என்கிறீர்களே, அதனால் அந்தச் சம்பந்தத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாதவிடாய் கருப்பையில் தொடங்குவதில்லை, மூளையில் தொடங்குகிறது. மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனைச் சீரான இடைவெளியில் துடிப்புத் துடிப்பாக அனுப்புகிறது. அதைக் கேட்டுப் பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பையைத் தூண்டும் எல்எச் ஹார்மோனை விடுகிறது, சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது, முட்டை வெளிவருகிறது. உடம்புக்குப் போதுமான ஆற்றல் கிடைக்காதபோது மூளை இந்தத் துடிப்பைக் குறைத்துவிடுகிறது. வருமானம் குறைந்த வீட்டில் தள்ளிப்போடக்கூடிய செலவை முதலில் நிறுத்துவார்கள் இல்லையா, உடம்பும் அதைத்தான் செய்கிறது. இதயம் துடிக்க வேண்டும், மூளை வேலை செய்ய வேண்டும். கருத்தரிப்புக்கான ஏற்பாட்டைத் தள்ளிப்போடலாம்.

இதில் குற்றவாளி ஓட்டமா, உணவுக் குறைவா என்று ஆராய்ச்சியாளர்கள் நீண்ட காலம் தேடினார்கள். 1970களில் உடம்பில் கொழுப்பு இத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாதவிடாய் நின்றுவிடும் என்ற கருத்து பரவலாக இருந்தது. நம் மைதானங்களில் இன்னமும் அதைத்தான் சொல்கிறோம். 1998-ல் ஆன் லௌக்ஸ் குழுவினர் அமெரிக்காவில் செய்த ஆய்வு வேறு பக்கம் காட்டியது. உடற்பயிற்சி செய்யும் பெண்களுக்கு, செலவான ஆற்றலுக்கு ஈடாக உணவு கொடுத்தபோது எல்எச் துடிப்பு பெரிதாகக் கெடவில்லை. ஈடு கொடுக்காதபோது கெட்டது. 2003-ல் அவர்கள் அளவையும் கண்டார்கள். பயிற்சிக்குச் செலவானது போக மிச்சமிருக்கும் ஆற்றல், கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கலோரிக்குக் கீழே போனபோது, ஐந்தே நாளில் துடிப்பு குலைந்தது. நலமாக இருக்கத் தேவையானது சுமார் 45 கலோரி. 30 என்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்தும் கோடு இல்லை, ஆளுக்கு ஆள் மாறும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்க அது உதவும்.

போட்டுப் பாருங்கள். ஒரு பெண்ணின் எடையில் கொழுப்பு நீங்கலாக 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி போக அவள் உடம்புக்கு 1800 கலோரி மிஞ்ச வேண்டும். காலையும் மாலையும் ஓடி 600 கலோரி செலவழிக்கிறாள் என்றால் 2400 கலோரி சாப்பிட வேண்டும். மைதானத்துக்கே வராத தன் தோழியைப் போல 1800 மட்டும் சாப்பிட்டால் மிஞ்சுவது 1200, அதாவது கிலோவுக்குச் சரியாக 30. இந்தப் பெண் பட்டினி கிடக்கவில்லை, டயட் இருக்கவில்லை. எல்லாரும் சாப்பிடுவதைச் சாப்பிட்டாள், அவ்வளவுதான். கடும் பயிற்சிக்குப் பிறகு பல பேருக்குப் பசியும் மந்தமாகிவிடும். அதனால் பசிக்கிற அளவுக்குச் சாப்பிட்டால் போதும் என்ற அறிவுரை இங்கே உதவாது. எடையும் பெரும்பாலும் அதே இடத்தில் நிற்கும், ஏனென்றால் உடம்பு தன் செலவை ஏற்கெனவே குறைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் புதிதாகச் சேர்த்திருக்கும் கட்டம் இந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுக்காது. நீக்கிய கேள்வி காட்டிக்கொடுத்திருக்கும்.

பயிற்சியைத் திடீரென்று கூட்டுவதும் ஆபத்து. 1985-ல் அமெரிக்காவில் ஓடிப் பழக்கமில்லாத 28 பெண்களைத் தினமும் சுமார் ஆறு கிலோமீட்டரில் தொடங்கிப் பதினாறு கிலோமீட்டர் வரை ஓட வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். எல்லாருக்கும் முன்பு சுழற்சி ஒழுங்காக இருந்தது. இரண்டு சுழற்சிக் காலத்துக்குள், சுழற்சி சற்றும் கெடாமல் இருந்தவர்கள் நான்கே பேர். எடை குறையும்படி உணவு கொடுக்கப்பட்டவர்களுக்கு மற்றவர்களைவிட மோசமாகக் கெட்டது. ஆய்வு முடிந்து ஆறு மாதத்துக்குள் எல்லாருக்கும் பழைய நிலை திரும்பியது. முகாம் தொடங்கிய முதல் வாரத்திலேயே பயிற்சியை இரட்டிப்பாக்குகிறீர்களே, அந்த வாரங்களை இதோடு சேர்த்து வைத்து யோசியுங்கள்.

எலும்புக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு கரைவது கூடும், கட்டுவது குறையும். 1984-ல் பார்பரா டிரிங்க்வாட்டர் குழுவினர் மாதவிடாய் நின்றுபோன வீராங்கனைகளின் முதுகெலும்பை அளந்தார்கள். அந்தப் பெண்களின் சராசரி வயது 25-ஐ ஒட்டி. எலும்பின் அடர்த்தி 51 வயதுப் பெண்களுடையது போல இருந்தது. ஓடினால் எலும்பு உறுதியாகும் என்பது உண்மைதான், ஆனால் ஈஸ்ட்ரோஜன் இருக்கும்போதுதான் அந்த லாபம் முழுதாகக் கிடைக்கும். இன்னொன்று, வாழ்நாளுக்கான எலும்பில் பெரும்பகுதி பதின்ம வயதில்தான் சேர்கிறது. நம் முகாமுக்கு வருபவர்கள் அத்தனை பேரும் அந்த வயதில்தான் இருக்கிறார்கள். அப்போது சேராமல் போனதைப் பின்னால் முழுதாக ஈடுகட்டுவது கடினம். இதை என் டெக்ஸா அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

இது யாரும் கேள்விப்படாத சங்கதியும் இல்லை. 1992-லேயே உண்ணும் பழக்கம் கெடுவது, மாதவிடாய் நிற்பது, எலும்பு தேய்வது மூன்றையும் சேர்த்து வீராங்கனைகளின் மும்மைப் பிரச்சினையாக அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் அடையாளம் கண்டார்கள். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை விரிவாக்கி, இதயம், நோய் எதிர்ப்பு, மனநிலை, ஆட்டத் திறன் எல்லாவற்றையும் இது பாதிக்கிறது என்றது, ஆண்களுக்கும் வரும் என்றது. 2018-லும் 2023-லும் அறிக்கையைப் புதுப்பித்தது. 2019-ல் மேரி கெயின் என்ற அமெரிக்க ஓட்ட வீராங்கனை, எடையைக் குறைக்கச் சொல்லி வந்த நெருக்கடியில் மூன்று ஆண்டுகள் தனக்கு மாதவிடாயே வரவில்லை, ஐந்து எலும்புகள் உடைந்தன என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த நாட்டின் மிக வேகமான இளம் ஓட்டக்காரிகளில் ஒருவராக இருந்தவர் அவர்.

அதனால் எடைக் கட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போன முகாமில் எடை பார்த்த காலையில் நான் அங்கே இருந்தேன். வரிசையில் நின்ற பெண்கள் ஷூவைக் கழற்றினார்கள், தலையிலிருந்த க்ளிப்பைக் கழற்றினார்கள், ஒருத்தி காதுக் கம்மலைக்கூடக் கழற்றிப் பக்கத்தில் நின்றவள் கையில் கொடுத்தாள். முந்தின இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்தியவர்கள் இருந்தார்கள். எண்ணை உரக்கப் படித்து நோட்டில் எழுதினீர்கள். எடை கூடியிருந்தவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னீர்கள். அன்று மதியம் அவள் தட்டில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. 18 வயது நிரம்பாதவர்களுக்கு மருத்துவக் காரணம் இல்லாமல் உடலமைப்பு அளவீடுகள் எடுக்க வேண்டாம் என்பது ஒலிம்பிக் கமிட்டியின் 2023 அறிக்கையோடு வந்த அறிவுரை. நாம் அதற்கு நேர் எதிராகப் போய்க்கொண்டிருக்கிறோம்.

உங்களில் சிலர் மறுத்துச் சொல்லப்போவது எனக்குத் தெரியும். ஒழுங்கற்ற மாதவிடாய்க்கு டாக்டரே உடற்பயிற்சி செய்யத்தானே சொல்கிறார்? சொல்கிறார், சரியாகத்தான் சொல்கிறார். பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கும் பெண்ணுக்கு உடற்பயிற்சி உண்மையிலேயே பலன் தரும். அங்கே சிக்கல் பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாதது. இன்சுலின் அளவு கூடும்போது சினைப்பை ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது, முட்டை முதிராமல் நின்றுவிடுகிறது. தசை வேலை செய்தால் இன்சுலினுக்கு உடம்பு நன்றாகக் கீழ்ப்படியும், பல பேருக்குச் சுழற்சியும் சீராகும். எடை அதிகம் இருப்பவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே மாற்றம் தெரியலாம். எடை குறையாவிட்டாலும் உடற்பயிற்சியின் நன்மை தனியாக உண்டு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது வழக்கமான பரிந்துரை. மாதவிடாய் தள்ளிப்போகிற எல்லாப் பெண்களையும் ஓடாதே என்று நான் சொல்லவே மாட்டேன். ஓட்டம் எனக்குக் கொடுத்தது அதிகம்.

ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டிலும் நாள் தள்ளிப்போகும். ஆற்றல் பற்றாக்குறையால் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் ஸ்கேனில் சினைப்பையில் நிறைய நீர்க்கட்டிகள் தெரியலாம். அதை மட்டும் பார்த்துப் பிசிஓஎஸ் என்று சீட்டு எழுதி, சாப்பாட்டைக் குறை, இன்னும் ஓடு என்று அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? ஏற்கெனவே பற்றாக்குறையில் இருப்பவளிடமிருந்து மிச்சத்தையும் பிடுங்குவது அது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இதுதான் நடந்தது. அறிவுரையை ஒரு எழுத்து விடாமல் பின்பற்றினாள், ஒவ்வொரு மாதமும் மோசமானாள். பூப்பெய்தி எட்டு ஆண்டு முடியாத பெண்களுக்கு ஸ்கேனை வைத்துப் பிசிஓஎஸ் என்று முடிவு கட்டக்கூடாது என்று சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது, அந்த வயதில் பலருடைய சினைப்பையும் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். தைராய்டு கோளாறு, புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுவது, கர்ப்பம் என்று வேறு காரணங்களும் உண்டு. எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். டாக்டரிடம் போக வேண்டும் என்று முதலில் யாராவது கவனிக்க வேண்டும். அந்த முதல் ஆள் மைதானத்தில் இருக்கும் நீங்கள்தான்.

மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தையும் விடுங்கள். கருத்தடை மாத்திரையில் மாதாமாதம் வரும் இரத்தப்போக்கு மாத்திரை நிறுத்தும் நாட்களில் வருவது. மூளையின் துடிப்பு திரும்பிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. மாதவிடாயை வரவழைக்கவோ எலும்பைக் காக்கவோ மட்டும் அதைக் கொடுக்க வேண்டாம் என்று 2017-ல் ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான என்டோகிரைன் சொசைட்டி வழிகாட்டியது. அப்புறம், மாதாமாதம் வருகிறது என்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பயிற்சி செய்யும் பெண்களின் ஹார்மோன்களைத் தினமும் அளந்து பார்த்தபோது, ஏறத்தாழ பாதிச் சுழற்சிகளில் முட்டை வெளிவராமலோ இரண்டாம் பாதி குறுகியோ ஏதோ ஒரு குறை இருந்தது. தேதி கேட்பதால் எல்லாமே தெரிந்துவிடாது. கேட்காவிட்டால் ஒன்றுமே தெரியாது.

இதில் ஆறுதலான சேதியும் இருக்கிறது. 2001-ல் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வில், ஓடி ஓடி மாதவிடாய் நின்றுபோன நான்கு குரங்குகளுக்கு ஓட்டத்தைக் குறைக்காமல் உணவை மட்டும் கூட்டினார்கள். சுழற்சி திரும்பியது. 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், சுழற்சி கெட்டிருந்த உடற்பயிற்சிப் பெண்கள் பயிற்சியை விடாமல் நாளுக்குச் சராசரியாக 300 கலோரிக்குச் சற்று மேல் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பன்னிரண்டு மாத ஆய்வில், உணவைக் கூட்டாதவர்களைவிட அவர்களுக்கு மாதவிடாய் திரும்புவது கூடுதலாக நடந்தது. பெரும்பாலானோர் ஓட்டத்தை விட வேண்டியதில்லை, நேரத்தோடு கவனித்தால் போதும். எனக்கு நேரத்தோடு யாரும் கவனிக்கவில்லை.

இனி நான் கேட்பவை.

எடுத்த இரண்டு கேள்விகளையும் திரும்பப் படிவத்தில் சேருங்கள். முகாமின் தொடக்கத்தில் ஒரு முறை மட்டும் கேட்டால் போதாது, மாதாமாதம் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். சங்கடத்துக்கு வழி இருக்கிறது என்று சொன்னேனே, அது இதுதான்: அந்தப் பக்கத்தைத் தனியாக, மூடிய உறையில், ஒரு பெண் டாக்டரோ பெண் பிசியோதெரபிஸ்டோ மட்டும் பார்க்கட்டும். கோச்சுக்குத் தேவையானது, இவளுக்குப் பயிற்சியைக் குறைக்க வேண்டுமா வேண்டாமா என்ற தகவல் மட்டும்தான்.

பொதுவில் எடை பார்ப்பதை இந்த முகாமிலிருந்தே நிறுத்துங்கள். புதிய கட்டத்தை நீக்குங்கள். மருத்துவக் காரணத்துக்காக எடை பார்க்க வேண்டியிருந்தால் மூடிய அறையில் டாக்டர் பார்க்கட்டும், எண்ணை யாரும் உரக்கப் படிக்க வேண்டாம்.

எப்போது டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பதை எழுத்தில் வையுங்கள். சுழற்சிக்கு இடையில் தொடர்ந்து 45 நாளுக்கு மேல் போனால், மூன்று மாதம் வராமல் இருந்தால், 15 வயதாகியும் பூப்பெய்தவில்லை என்றால், எலும்பில் ஒரு விரிசல் விழுந்தாலே. பூப்பெய்திய முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் கொஞ்சம் முன்பின் ஆவது சகஜம், அதற்குப் பயமுறுத்த வேண்டாம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

உண்மையைச் சொன்ன பெண்ணை அதற்காக அணியிலிருந்து நீக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். இது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வீண். இடம் போய்விடும் என்று தெரிந்தால் எல்லாரும் 'ஒழுங்காக வருகிறது' என்றுதான் எழுதுவார்கள், நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

பயிற்சி முடிந்த உடனேயே சாப்பிட ஏதாவது மைதானத்திலேயே கிடைக்கட்டும். முகாமின் சாப்பாட்டு அளவை உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கான கணக்கில் போடாமல், ஓடுகிற பிள்ளைகளுக்கான கணக்கில் போடுங்கள். முதல் வாரங்களில் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

கோச்சுகள் அனைவரும், ஆண்கள் உட்பட, இதைப் பற்றி விவரம் தெரிந்த ஒரு டாக்டரிடம் ஒரு நாளாவது உட்கார்ந்து கேளுங்கள். முழங்கால் வலியைப் பற்றித் தயங்காமல் கேட்கிறீர்கள். இதையும் அதே குரலில் கேட்கப் பழக முடியும். மாதவிடாய் நின்றதைப் பாராட்டுகிற பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும் அங்கேயே திருத்துங்கள். சீனியர் பெண்களிடம் நானே பேசுகிறேன், அதற்கு அனுமதி மட்டும் கொடுங்கள்.

படிவம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். போவதற்கு முன் இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். எதையாவது ஏற்க முடியாது என்றால் காரணத்தோடு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைதானத்தில் ஓடிய, இப்போதும் தினமும் அங்கே நிற்கும் ஒருத்தி